மலை இருக்கிறது, நமக்கென்ன என்போருக்கு

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று தொலைக்காட்சியில் ஓடத் தொடங்கினால், தேனி மாவட்டத்துப் பழனிசெட்டிபட்டி டீக்கடைகளில் ஒரு பேச்சைத் தவறாமல் கேட்கலாம். “நமக்கென்னப்பா, சுத்தி மலை. காத்து அடிச்சா மலை வாங்கிக்கிரும். மழை பேஞ்சா நல்லதுதான், வைகை அணை நெறையும்.” இதைச் சொல்பவர் விவரம் தெரியாதவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆசிரியர், வங்கி ஊழியர், ஓய்வுபெற்ற அதிகாரி, வார்டு பிரமுகர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாகப்பட்டினமும் கடலூரும் ராமநாதபுரமும் பேரிடர் மாவட்டங்கள். கம்பம் பள்ளத்தாக்கு ஆண்டவன் மலைக்கோட்டை கட்டிக் கொடுத்த மாவட்டம். இதுதான் இங்குள்ள பொதுக்கருத்து. அதிலிருந்து பிறப்பது இன்னொரு கருத்து: முன்னேற்பாடு என்பது கடலோரத்துக்காரர்கள் செய்ய வேண்டிய காரியம்.

இரண்டுமே தவறு. இரண்டாவது தவறு, முதலாவதைவிட ஆபத்தானது.

மலை காற்றை வாங்கிக்கொள்ளும் என்பதிலிருந்தே தொடங்குவோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடவில்லை. திண்டுக்கல் வழியாக மேற்கே நகர்ந்து, மேற்குத் தொடர்ச்சி மலையையும் தாண்டி அரபிக்கடலில் போய் இறங்கியது. வழியில் அதன் வேகம் குறைந்தது உண்மை. கடலின் வெப்பமும் ஈரமும் கிடைக்காமல் போனதால் குறைந்தது. மலை குறுக்கே நின்று தடுத்ததால் குறையவில்லை. ஈரக்காற்று வந்து மோதும்போது மலை செய்கிற வேலை வேறு. அதை மேலே தூக்குகிறது. மேலே போன காற்று குளிர்கிறது, சுமந்து வந்த நீரை அந்த இடத்திலேயே கொட்டிவிடுகிறது. கடலோரச் சமவெளியில் பரவலாகப் பெய்ய வேண்டிய மழை, மலைச்சரிவில் சில மணி நேரத்தில் ஓர் ஓடையின் தலையில் மொத்தமாக விழும். அந்த ஓடை நம் ஊருக்குத்தான் வரும்.

உள்நாட்டில் இருப்பதால் தப்பித்தோம் என்பவர்கள் 2024 டிசம்பர் தொடக்கத்தை மறந்துவிட்டார்கள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது, சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனது. திருவண்ணாமலையில் மலைச்சரிவை ஒட்டியிருந்த வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடி, ஏழு உயிர்களைக் கொண்டு போயின. அவர்களில் ஐந்து பேர் சிறார்கள். திருவண்ணாமலையும் கோயில் நகரம், மலை காக்கும் நகரம் என்று பெயரெடுத்ததுதான். மலைச்சரிவில் வீடு கட்டிக் குடியிருப்பது நமக்கும் புதிதில்லை.

நம் பக்கத்துக்கே வருவோம். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளின் மேல் மலை சரிந்தது. 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழர்கள், பல குடும்பங்களுக்குக் கயத்தாறு பூர்வீகம். மின்சாரமும் இல்லை, தொலைபேசித் தொடர்பும் இல்லை. மலை விழுந்த செய்தி வெளியுலகுக்குத் தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது. போடியிலிருந்து மேலே ஏறினால் வருகிற அதே மலைத்தொடர் அது. கேரள எல்லைக்குள் நடந்ததால் ‘அவர்கள் மாநிலத்துச் செய்தி’ என்று அதைப் படித்துவிட்டு மறந்தோம். ஆனால் விடிவதற்கு முன்னே போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்புகள் அந்தப் பக்கத்து மலைகளுக்குத்தான் போகின்றன. அங்கே மண் சரிந்தால் அழப்போவது நம் தெருவிலும்தான்.

குரங்கணி? அது நம் மாவட்டத்திலேயே நடந்தது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோடு பக்கமிருந்தும் மலையேற வந்திருந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் காய்ந்த புல்வெளியில் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இறந்தவர்கள் 23 பேர். கடலோர மாவட்டங்களைத் தாக்கிய எத்தனையோ புயல்களில் இவ்வளவு பேர் இறந்ததில்லை. பாதுகாப்பான மாவட்டம் என்று நாம் சொல்லிக்கொள்கிற மாவட்டத்தில், புயலோ வெள்ளமோ இல்லாத ஒரு வெயில் நாளில் இறந்தார்கள்.

இதற்கு உடனே ஒரு பதில் வரும்: அவர்கள் வெளியூர்க்காரர்கள், காடு தெரியாமல் போனார்கள், போகக்கூடாத வழியில் போனார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். மாசி, பங்குனியில் போடி மலையில் தீ பிடிப்பது வெளியூர்க்காரர்களுக்காகவா? ராத்திரியில் மொட்டை மாடியில் நின்றால் மலையில் தீ வரிசையாக ஊர்வதை இந்த ஊர்க்காரர்கள் எத்தனை கோடையில் பார்த்திருப்பார்கள்! மலைக்கிராமத்துக்காரர்களும், மாடு மேய்ப்பவர்களும், தோட்டத்துக்கு நடந்து போகும் பெண்களும், தீயணைக்கக் கையில் பச்சைக் கொப்போடு ஏறும் வனத்துறைத் தற்காலிகப் பணியாளர்களும் ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தீக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். தீயோடு கதை முடிவதுமில்லை. பங்குனியில் எரிந்து வழித்துவிட்ட சரிவில் வேரும் புல்லும் இல்லாத மண், ஐப்பசி மழையில் இறங்கி வரும். குரங்கணிப் பக்கத்து மலைகளில் பிறக்கும் கொட்டகுடி ஆறு போடியைக் கடந்து நம் ஊர் ஓரமாகத்தான் ஓடுகிறது.

இப்போது கடலோரத்தைப் பார்ப்போம். 2004 டிசம்பர் 26-ல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுனாமி கொண்டு போனது. அந்த அடிக்குப் பிறகுதான் 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டன, மீனவக் கிராமங்களில் ஒத்திகைகள் நடந்தன. ஒடிசாவின் கணக்கு இன்னும் தெளிவானது. 1999 பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013-ல் அதே கரையைப் பைலின் புயல் அடித்தபோது இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. இடையில் கடல் சாந்தமாகிவிடவில்லை. ஏறத்தாழ பத்து லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். வெளியேற்றுவதற்கு இடமும் வண்டியும் ஆளும் பட்டியலும் முன்பே தயாராக இருந்தன. பயந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள், பிழைத்தார்கள். நமக்குப் பயமும் இல்லை, அதனால் படிப்பும் இல்லை.

பொதுக்கருத்துக்காரர்கள் கவனிக்கத் தவறும் முக்கியமான இடம் இதுதான். கடலோரத்துக்குப் புயல் சொல்லிவிட்டு வருகிறது. செயற்கைக்கோள் பார்க்கிறது, நான்கைந்து நாள் முன்பே எந்தக் கரை என்று ஓரளவு தெரிகிறது, துறைமுகத்தில் கூண்டு ஏறுகிறது, படகுகள் கரை திரும்புகின்றன. மலையடிவாரத்துக்கு அந்த அவகாசம் கிடையாது. கும்பக்கரை அருவிக்குப் போனவர்களைக் கேளுங்கள். பெரியகுளத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கொடைக்கானல் மலையில், வட்டக்கானல் பக்கம் மழை பெய்திருக்கும். கீழே குளித்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு துளி விழுந்திருக்காது, தண்ணீர் மட்டும் நிறம் மாறும், இலைச் சருகும் குச்சியும் மிதந்து வரும். அந்த நிறமாற்றத்தைப் பார்த்து மேலே ஏறிக்கொள்ளக் கிடைப்பது சில நிமிடங்கள். வனத்துறை ஊழியர்கள் விசில் ஊதி ஆட்களை விரட்டுவதால் அங்கே பல உயிர் தப்புகிறது. அந்த விசில்தான் முன்னேற்பாடு. அருவிக்கு இருக்கிற அந்த விசில், ஆற்றோரத் தெருக்களுக்கும் இருக்க வேண்டாமா? நாள் கணக்கில் அவகாசம் உள்ள இடத்தைவிட நிமிடக் கணக்கில் அவகாசம் உள்ள இடத்துக்குத்தான் ஏற்பாடு அதிகம் தேவை. மலை நம்மைக் காக்கவில்லை. நமக்கான நேரத்தைக் குறைக்கிறது.

வைகை அணையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. நீர் தேக்கும் உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்களில் கரையோர மக்களுக்கு அந்தச் செய்தி போகிறது. பல பத்தாண்டுகளாக நடக்கும் அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த ஏணி அணைக்குக் கீழே இருப்பவர்களுக்கானது. அணையை நிரப்புகிற ஆறுகளின் கரையில், அணைக்கு மேலே இருக்கும் நமக்கு எந்த அடி, எந்த எச்சரிக்கை? பழனிசெட்டிபட்டியின் ஒரு பக்கம் முல்லைப் பெரியாறு, இன்னொரு பக்கம் கொட்டகுடி ஆறு. கொட்டகுடிக்குப் பெரிய அணை கிடையாது. அணை இல்லாத ஆற்றில் தண்ணீரைப் பிடித்து வைத்துத் திறந்துவிட ஆள் இல்லை. மலையில் பெய்தது நேராக வந்து நிற்கும். பாலத்தில் நின்று வெள்ளத்தைக் கைபேசியில் படம் எடுக்கும் கூட்டம் ஒவ்வொரு மழைக்கும் சேர்கிறது. அந்தப் பாலத்துத் தூணில் இந்த அளவைத் தாண்டினால் இன்ன தெருக்காரர்கள் கிளம்ப வேண்டும் என்று ஒரு சிவப்புக்கோடு, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி, ஏன் இருக்கக் கூடாது?

2025 அக்டோபரில் தீபாவளியை ஒட்டி என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். கூடலூர், கம்பம், உத்தமபாளையம் வட்டாரத்தில் ஓர் இரவில் பெய்த மழையில் முல்லைப் பெரியாறு கரைபுரண்டது. வீடுகளுக்குள் தண்ணீர், வயல்களில் தண்ணீர். பள்ளத்தாக்குக்கு வெள்ளம் வராது என்ற வாதத்தை அந்த ஓர் இரவே அடித்துவிட்டது.

இங்கேதான் பலர் வாய்திறக்கத் தயங்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த மாவட்டத்தில் ஆபத்து என்ற சொல்லை எடுத்தாலே பேச்சு முல்லைப் பெரியாறு அணைக்குத் தாவிவிடும். அணை உடையும் என்று கேரளத்தில் சிலர் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். அணை பலமாக இருக்கிறது என்று வல்லுநர் குழு சொன்னது. 2014-ல் உச்ச நீதிமன்றமும் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தண்ணீர்தான் நம் இருபோக நெல்லுக்கும், மதுரை வரை குடிநீருக்கும் உயிர். அதனால் 2011-ல் தெருவில் இறங்கிப் போராடினோம், சரியாகவே போராடினோம். ஆனால் அந்தப் போராட்டத்தின் பக்கவிளைவாக ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது: நமக்கு வெள்ள அபாயம் உண்டு என்று பேசினால் கேரளத்தின் வாதத்துக்குத் துணை போவது போல ஆகிவிடும் என்ற தயக்கம். இந்தத் தயக்கத்துக்கு அடிப்படையே இல்லை. அணையின் உபரிநீர் இந்தப் பக்கம் வருவதில்லை, இடுக்கி அணைக்குப் போகிறது. சுரங்கம் வழியே லோயர்கேம்புக்கு இறங்கி வருவது, முழுதாகத் திறந்தாலும் வினாடிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் கனஅடிதான். பள்ளத்தாக்கில் பெருவெள்ளம் வந்தால், அது பெரும்பாலும் இந்தப் பக்கத்து மலைகளிலேயே பெய்து, சுருளியாறும் மற்ற காட்டோடைகளும் கொண்டு வந்து சேர்ப்பது. பென்னிகுவிக் கட்டிய அணைக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. ஆகவே வெள்ளத்துக்குத் தயாராவது அணையைக் காட்டிக்கொடுப்பதாகாது. அணையை மட்டுமே பேசிக்கொண்டிருந்தால்தான் ஓடையைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

அடுத்த வாதம் பணம். “மழையே இல்லாம கெணறு வத்திக் கெடக்கு, வாழை காத்துல சாயுது, இதுல இது வேறயா?” என்று விவசாயிகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சித்திரையில் ஒரு மணி நேரச் சூறைக்காற்றில் சின்னமனூர்ப் பக்கத்து வாழைத்தோப்புகள் குலையோடு முறிந்து கிடப்பதைப் பார்த்தவர்கள் அந்தக் கோபத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தச் சூறைக்காற்றும் பேரிடர்தானே? அதற்கும் முன்னேற்பாடு உண்டு: பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதிக்கு முன் பணம் கட்டுவது, குலை தள்ளிய மரத்துக்கு முட்டு கொடுப்பது. இழப்பு நேர்ந்த மறுநாள் வருவாய்த்துறையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதைவிட இவை மலிவு. வெள்ளத்துக்கான ஏற்பாடும் அப்படித்தான். கோடிக்கணக்கில் சுவர் எழுப்பச் சொல்லவில்லை. தேனி நகருக்குள் ஓடும் ராஜவாய்க்காலை ஐப்பசிக்கு முன்பே தூர்வாரி, அதன் மேல் கட்டியதை அகற்றுவது. மீறுசமுத்திரம் கண்மாய் போன்ற கண்மாய்களின் வரத்துக் கால்வாயையும் மறுகாலையும் அடைக்காமல் வைப்பது. ஆற்றோரத் தெருக்களில் நடக்க முடியாத முதியவர் யார், பேறுகாலப் பெண் யார், படுக்கையில் இருப்பவர் யார் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதுவானாலும் நள்ளிரவில் ஒலிபெருக்கியைப் போடலாம் என்று முன்பே பேசி வைப்பது. தங்கவைக்கப் பள்ளியையும் மண்டபத்தையும் குறித்து வைத்து, சாவி யாரிடம் இருக்கிறது என்பதை ஊருக்கே தெரியச் செய்வது.

மலையில் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிகிறவர்கள் ஜீப் டிரைவர்கள். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் எந்த இடத்தில் கல் உருளும், எந்த ஓடை எப்போது சாலைக்கு ஏறும் என்பதை அவர்களைவிட அறிந்த அதிகாரி கிடையாது. குமுளி மலைச்சாலைக்காரர்களும் அப்படியே. ஏலத்தோட்டங்களில் மழைமானி வைத்துத் தினமும் அளந்து குறிக்கும் கணக்கப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர்கள் சொல்கிற செய்தி கீழே இருக்கும் பேரூராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் உடனே வந்து சேர ஒரு வழி போட வேண்டும், அவ்வளவுதான். மழை பெய்வது மாநில எல்லை மலையிலோ திண்டுக்கல் மாவட்டத்திலோ, தண்ணீர் வருவது தேனிக்கு. மாவட்ட எல்லையும் மாநில எல்லையும் ஆற்றுக்குத் தெரியாது. எச்சரிக்கை மட்டும் எல்லையில் நின்றுவிடக் கூடாது.

“ஏதாவது ஆனா கவர்மெண்டு வந்துரும்” என்பது கடைசி வாதம். வரும். எப்போது வரும் என்பதே கேள்வி. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. இங்கிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால். குரங்கணியில் தீ பிடித்தது பிற்பகலில். விமானப்படை ஹெலிகாப்டர்கள் முழு வேகத்தில் வேலை செய்ய முடிந்தது பொழுது விடிந்த பிறகு. இடையில் அந்த இரவில் வனத்துறைக்காரர்களோடு டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறியவர்கள் குரங்கணி ஊர்க்காரர்கள். வெந்துபோன உடம்புகளைப் போர்வையில் கிடத்தி, ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அதன்பின் போடி, தேனி, மதுரை என்று ஆம்புலன்ஸ் ஓட்டம். பெட்டிமுடியிலும் முதலில் மண்ணைத் தோண்டியவர்கள் பக்கத்து லயத்துத் தொழிலாளர்கள். முதல் சில மணி நேரம் எப்போதும் ஊர்க்காரர்களுடையது. அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு கயிறு, ஒரு ஸ்டிரெச்சர், தீக்காயத்துக்கு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்ற அரை நாள் பயிற்சி, இவற்றைக்கூடக் கொடுக்காமல் அவர்களுடைய தைரியத்தை மட்டும் நம்பி ஒரு மாவட்டம் இருப்பது பெரிய அநியாயம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2005 சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆட்சியர் தலைமையில் பேரிடர் மேலாண்மை ஆணையம் உண்டு, மாவட்டத் திட்டம் ஒன்று உண்டு, அதை ஆண்டுதோறும் சரிபார்த்துத் திருத்த வேண்டும். கடலோர மாவட்டத்துக்கு ஒரு சட்டம், மலை மாவட்டத்துக்கு இன்னொரு சட்டம் என்று எழுதப்படவில்லை. நமக்கு ஆபத்து இல்லை என்று நாமே சொல்லிக்கொண்டிருந்தால், அந்தத் திட்டம் அலமாரியில் உறங்குவதைக் கேட்க யாருக்கும் தோன்றாது. கேட்காத மக்களுக்காக எந்த அலுவலகமும் தானாக அலமாரியைத் திறக்காது.

ஆகவே பழனிசெட்டிபட்டிக்காரர்களுக்கும், வீரபாண்டி முதல் கூடலூர் வரை முல்லையாற்றுக் கரையில் இருப்பவர்களுக்கும், கொட்டகுடிக் கரையில் போடி வரை இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077. வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்துக்குப் போங்கள். மாவட்டத் திட்டத்தில் நம் தெருவுக்கு எந்தத் தங்குமிடம் என்று கேளுங்கள். அதன் சாவி யாரிடம் இருக்கிறது, ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் அவர் எடுப்பாரா என்று கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.